மின்னஞ்சலுக்கு வரும் முறைக்காய்ச்சல்

ஓயாது எரிக்கும் காய்ச்சலைக் காட்டிலும் விட்டு விட்டு வரும் காய்ச்சலே வைத்தியருக்குப் பெருஞ்சோதனை என்பர். நோயாளி வைத்தியரிடம் வந்து சேரும் வேளையில் உடல் குளிர்ந்திருக்கும். வீடு திரும்பியதும் மீண்டும் நடுக்கம் பிடிக்கும். மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சான்று வழங்கியது. அந்நோய் மலிந்திருந்த காலத்தில் அனுபவமுள்ள வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, "காய்ச்சல் எந்த வேளையில் வருகிறது?" என்பதே. இன்று வீடுகளில் மின்னஞ்சலுக்கும் இத்தகைய முறைக்காய்ச்சல் வருவதுண்டு. அதற்குப் பரிகாரம் தேடுவோரும் அக்கேள்வியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, செங்கலடியை அடுத்துள்ள ஊர் வந்தாறுமூலை. 1981ஆம் ஆண்டில் அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தோன்றி, 1986ஆம் ஆண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அத்தகைய ஊரில் மின்னஞ்சல் வெறும் பொழுதுபோக்கன்று. வாடகை அறையொன்றில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தியை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். புலமைப்பரிசில் விண்ணப்பத்தை அனுப்ப அன்று நள்ளிரவே இறுதி எல்லை. மாலையில் அவள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்குகிறாள். விடிந்து பார்த்தால், கடிதம் வெளிச்செல்லும் பெட்டியிலேயே கிடக்கிறது. காலையில் இணைப்போ குறைவின்றி வேலை செய்கிறது! பழுது இருந்ததென்று சொன்னால் நம்புவார் யார்?

இந்நிலையில் பலரும் கைக்கு வந்த மருந்தையெல்லாம் ஒருங்கே கொடுத்துவிடுகின்றனர். கடவுச்சொல்லை மாற்றுகின்றனர், மின்னஞ்சற் கணக்கையே கணினியிலிருந்து நீக்குகின்றனர், ரவுட்டரின் பின்புறத்திலுள்ள சிறு துளையில் ஊசியை நுழைத்து அழுத்துகின்றனர். இவை ஆபத்தான வைத்தியங்கள். பொப் என்னும் பழைய முறையில் கடிதங்களை இறக்கி வைத்திருப்போர் கணக்கை நீக்கினால், கணினியில் மட்டுமே இருந்த கடிதங்கள் அழிந்துபோகவுங் கூடும். ஊசியால் அழுத்தினால் ரவுட்டரில் முன்பு பதிந்திருந்த இணைப்பு விபரங்கள் யாவும் மறையும். இடையிடையே அறுந்த தொடர்பு முற்றாகவே அறும்.

செய்யத்தக்கது வேறு. வலையில் மீன் தங்காவிடின் வாவி மீனவர் வலையை வீசி எறிவதில்லை. கரையில் விரித்துக் கண் கண்ணாகப் பார்க்கின்றனர். கடிதம் செல்லும் பாதையையும் அவ்வாறே பகுத்துப் பார்க்கலாம். கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பகுதி. ரவுட்டரிலிருந்து இணைப்பு வழங்கும் நிறுவனம் வரை ஒரு பகுதி. அங்கிருந்து மின்னஞ்சல் வழங்கி வரை ஒரு பகுதி. தொடர்பு அறுந்த கணத்திலேயே மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். பிற இணையத்தளங்கள் திறக்கின்றனவா? கைத்தொலைபேசியை வைஃபையிலிருந்து விலக்கி, அதன் சொந்த இணைப்பில் பார்த்தால் மின்னஞ்சல் வருகிறதா? கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்தால் குறை நீங்குகிறதா?

கம்பியில் குறை நீங்கினால், குற்றம் வைஃபையின்மீது விழும். தடித்த சுவர்கள் அதன் அலையை வலுவிழக்கச் செய்யும். அயல்வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குவதால் இடையூறு விளையும். அவ்வரிசையில் 1, 6, 11 என்னும் தடங்கள் ஒன்றன்மேலொன்று படியாதவை; அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தெரிந்துகொள்வது நன்று. அலுமாரிக்குள் பூட்டிய ரவுட்டர் வெப்பத்தாலும் தளரும். அதை உயரமான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

கம்பியிலும் எல்லாத் தளங்களும் ஒருங்கே நின்றால், பழுது பெரும்பாலும் வெளியேயுள்ள தொடரில் இருக்கலாம். செப்புக் கம்பி வழியே இணைப்புப் பெறும் வீடுகளில் இதற்கு மழை சாட்சி சொல்லும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பொருத்துகளில் ஈரம் புகுந்தால் தொடர்பு தடுமாறும்; தொலைபேசியிற் கரகரப்பும் கேட்கும். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்தால், இரண்டையும் பிரிக்கும் சிறு வடிப்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பிற தளங்கள் திறந்தும் மின்னஞ்சல் மாத்திரம் தயங்குமாயின், நோய் நுட்பமானது. ஐமாப் என்னும் முறையில் மின்னஞ்சற் செயலி வழங்கியுடன் ஒரு தொடர்பை மௌனமாகத் திறந்து வைத்துக் காத்திருக்கும். இம்மௌனம் நீண்டால், தொடர்பு முடிந்ததென்று எண்ணிச் சில ரவுட்டர்கள் அதை மறந்துவிடும். செயலியோ இதை அறியாது காத்திருக்கும், கடிதமும் வராது. இதனால் 29 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அத்தொடர்பைப் புதுப்பிக்கவேண்டுமென இணைய விதி அறிவுறுத்துகிறது. வீட்டு ரவுட்டர் அதற்கும் பொறுமையற்றதாயின், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அஞ்சலைத் தேடும்படி செயலியை அமைத்தல் தக்கது.

சிறு கடிதம் போய், பெரிய கோப்புடன் கூடிய கடிதம் மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. சாதாரணப் பொதியின் அளவு 1500 பைட். பிபிபிஓஈ என்னும் முறையில் வரும் இணைப்புகளில் 8 பைட் அம்முறைக்கே செலவாவதால் 1492 பைட்டே எஞ்சும். இவ்வேறுபாடு சரியாக அறிவிக்கப்படாதவிடத்துப் பெரிய பொதிகள் வழியிலே தொலையும். ரவுட்டரில் அந்த அளவைத் திருத்தினால் வழி திறக்கும். வளாகத்தில் அனுப்ப முடிந்து அறையில் அனுப்ப முடியாதபோது, வெளிச்செல்லும் வாயில் எண்ணைப் பார்க்க வேண்டும். குப்பை அஞ்சலைத் தடுக்கும் பொருட்டு 25ஆம் வாயிலைப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கு அடைத்து வைத்துள்ளன. 587 அல்லது 465 என்பதே பொருத்தமானது.

இவ்வளவையும் நினைவில் வைத்திருத்தல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் ஒரு கொப்பியும் பேனாவும் எல்லார் வீட்டிலும் உண்டு. அறுந்த நேரம், அறை, மழையோ வெயிலோ, ரவுட்டரில் எந்த விளக்கு அணைந்தது, கம்பியிற் பார்த்தபோது நிகழ்ந்தது என்ன என்பவற்றை ஒரு வாரம் குறித்து வைத்தாற் போதும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதன் பயனையும் எழுதுதல் வேண்டும். "அடிக்கடி அறுகிறது" என்று முறையிடுபவருக்கு, "இப்போது சரியாக இருக்கிறதே" என்னும் விடையே கிடைக்கும். ஏழு நாட் குறிப்பைக் காட்டுபவரை அவ்வாறு திருப்பியனுப்புதல் எளிதன்று.

மாணவியின் விண்ணப்பத்துக்கும் இதனால் ஒரு பாடம் உண்டு. அனுப்பும் பொத்தானை அழுத்தியமை அனுப்பியமை ஆகாது; அனுப்பிய அஞ்சற் பெட்டியில் கடிதம் சேர்ந்ததைக் கண்ட பின்னரே உறங்கச் செல்லவேண்டும். தபாற்காரர் வரும் வழியை நோக்கிக் காத்திருந்த முன்னோருக்குப் பொறுமை வேண்டியிருந்தது. கணப்பொழுதிற் கடல் கடக்கும் அஞ்சலைப் பெற்றவர்க்கும் அப்பொறுமை இன்னும் தேவையாகவே இருக்கிறது.