அஞ்சும் உயிர்க்கு அடைக்கலம்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

குன்றத்தூர் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் சேக்கிழார் பெருமான். அவர் பிறந்த ஊர் அது. அவர் எழுப்பிய திருநாகேச்சரம் கோயில் இன்றும் அங்கே நிற்கின்றது. அநபாய சோழன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தான் என்றும், அவன் உள்ளத்தைச் சிவனடியார் வரலாற்றின்பால் திருப்பவே பெரியபுராணம் எழுந்தது என்றும் சேக்கிழார் புராணம் கூறுகின்றது. ஒரு சமணக் காப்பியம் சோழப் பேரரசனின் அவையில் பெற்றிருந்த ஏற்றத்தை அச்செய்தியே காட்டிவிடும். இவ்வாறு குன்றத்தூரின் வரலாற்றோடு திருத்தக்கதேவரின் நூலும் பிணைந்து நிற்கின்றது.

அந்நூலின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகின்றது. பிறர்க்கென வைத்த உணவைத் தீண்டியது என்பதற்காக அதனைச் சிலர் அடித்து வீழ்த்துகின்றனர். சீவகன் அவ்வழியே வருகின்றான். அது பிழைக்காது என்று அறிகின்றான். ஆயினும் கடந்து போகவில்லை. அதன் அருகில் அமர்ந்து, செவியில் ஐம்பத வணக்க மந்திரத்தை ஓதுகின்றான். நாய் உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கின்றது. பின்னாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்ல முற்பட்டபோது அவனைக் காத்து எடுத்துச் சென்றவன் அச்சுதஞ்சணனே. நஞ்சு நீக்கும் மந்திரம் உட்பட மூன்று மந்திரங்களை அவன் சீவகனுக்குக் கற்பித்தான். பின்னர்ப் பாம்பு தீண்டிய பதுமையைச் சீவகன் பிழைப்பித்தான். தெருவில் கிடந்த ஒரு நாய்க்குக் காட்டிய இரக்கம் எங்கெங்கோ பாய்ந்து மற்றோர் உயிரையும் காத்தது என்பதே காப்பியம் உணர்த்தும் செய்தி.

அச்சீவகன் இன்று குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை நடந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியெங்கும் ஆலைகள், அவற்றின் உணவுக்கூடங்கள், சரக்கு லாரிகள் நிற்கும் திடல்கள், தொழிலாளர் விடுதிகள். மிச்ச உணவு விழும் இடத்தில் எலி பெருகும். எலி பெருகும் இடத்திற்குப் பூனை வரும். இப்பூனைகள் வீட்டில் மடியேறி உறங்குபவை அல்ல. மதிற்சுவரின் சந்திலோ, அடுக்கிவைத்த மரப்பலகைகளின் அடியிலோ பிறந்து, மனிதக் கை ஒருமுறையும் படாமல் வளர்ந்தவை. மனிதனை அண்டியே வாழ்ந்தும் மனிதனைக் கண்டால் ஓடி ஒளிபவை. அத்தகைய பூனை ஒன்று நோயுற்றுக் கிடக்குமானால் சீவகன் என்ன செய்வான்?

இவ்வினா எளிதன்று. கண்டும் காணாமல் செல்வோர் ஒருபுறம். இரக்க மிகுதியால் ஓடிச்சென்று அள்ளியெடுத்துப் பால் ஊற்றுவோர் மறுபுறம். முன்னவரிடம் அருள் இல்லை. பின்னவரிடம் அருள் உண்டு, அறிவு துணை நிற்கவில்லை. இரண்டிலும் பூனை பிழைப்பது அரிது. ஆகையால்தான் ஆன்றோர் தானத்தை அபயம், ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம் என நால்வகையாக வகுத்தனர். இந்நான்கும் கூடினாலன்றி ஒரு தெருப்பூனையைக் காத்தல் இயலாது.

முதலாவது அபயதானம். பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. மெலிந்தால் பகைவர்க்கு இரையாவோம் என்னும் அச்சம் அதன் பிறவியிலேயே உள்ளது. தன் உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்துதல், மயிர் சிலிர்த்துக் கிடத்தல், கண்ணின் உள்மூலையில் வெண்படலம் தோன்றுதல், வாய்நீர் ஒழுகுதல் ஆகியவை வெளியே தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அந்நிலையில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு துரத்தினால், எஞ்சிய வலிமையும் ஓடுவதிலேயே அழியும். அதனை உற்று நோக்குதலும், தடவிக் கொடுத்தலும், உரத்த குரலில் கொஞ்சுதலும் அதற்கு அன்பாகத் தோன்றா, அச்சமாகவே தோன்றும். உள்ளே உணவு வைத்து, பூனை நுழைந்ததும் தானே கதவு அடைபடும் கூண்டே ஏற்ற கருவி. அகப்பட்டவுடன் கூண்டின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட வேண்டும். இருள் சூழ்ந்தால் பூனை அடங்கும். அத்துணியே அதற்கு அளிக்கும் முதல் அடைக்கலம்.

வெறுங்கையால் பிடிக்க முயல்வோர் கடிபடுவர். பூனையின் கடியாலும் வெறிநோய் பரவும். நோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்து இல்லை. கடித்தாலும் கீறினாலும் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காப்பவன் தன் உயிரைக் காவாமல் விடுதலும் இம்சையே.

இரண்டாவது ஆகாரதானம். இங்கேதான் சமண இல்லங்கள் தடுமாறுகின்றன. பூனைக்குப் பால் என்பது கதைகளில் வரும் வழக்கம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடும். பால் குடித்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். ஏற்கெனவே உடல்நீர் வற்றிய பூனைக்கு அதுவே இறுதியாகலாம். பாற்சோறும் தயிர்ச்சோறும் அதற்கு முழு உணவு ஆகா. டாரின் என்னும் சத்து புலாலில் மட்டுமே போதிய அளவில் இயற்கையாய்க் கிடைக்கின்றது. அது நெடுநாள் குறைந்தால் பூனையின் கண்ணொளி மங்கும், இதயம் தளரும். பிற உயிர்களைப் போல் உணவைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பூனைக்கு இல்லை. அதன் உடலமைப்பு அத்தகையது.

புலால் மறுத்தோர் புலாலுண்ணும் உயிர்க்கு எவ்வாறு உதவுவது? தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர சமணக் கோயில் வளாகத்தில், 1929இல் தொடங்கிய பறவை மருத்துவமனை இயங்கி வருகின்றது. அங்கும் இவ்வினா எழுந்தது. புலாலுண்ணும் பருந்து முதலியவற்றை உள்ளே தங்கவைப்பதில்லை. ஆயினும் திருப்பி அனுப்பிவிடுவதும் இல்லை. வெளிநோயாளிகளாக ஏற்று மருத்துவம் செய்கின்றனர். தம் நோன்பும் குலையவில்லை, அவ்வுயிரும் கைவிடப்படவில்லை. தெருப்பூனைக்கும் இத்தகைய வழி உண்டு. கூண்டு ஒருவருடையது, வண்டி ஒருவருடையது, மருந்துச் செலவு ஒருவருடையது. மீன் சமைக்கும் அண்டை வீட்டார் உணவை ஏற்கட்டும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் காட்டிய நெறி இவ்வாறும் நிறைவேறும்.

மூன்றாவது ஔஷததானம். இதில் ஒரு கடும் எச்சரிக்கை தேவை. காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவில் இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும். நாய்களின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. மூக்கடைத்துக் கண்ணில் பீளை கட்டிய பூனை உணவின் மணம் அறியாமலே பட்டினி கிடக்கும். உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழுந்து உண்ணத் தொடங்கலாம். வாந்தியும் கழிச்சலும் கண்ட குட்டிகளுக்குப் பூனைகளின் கொடிய நச்சுயிரி நோய் ஒன்று இருக்கக்கூடும். அது மனிதரைத் தொற்றாது. ஆனால் அந்த இடத்திலேயே பல மாதங்கள் தங்கிப் பிற குட்டிகளைத் தாக்கும். இவற்றைப் பிரித்தறிதல் மருத்துவர் பணி. சென்னை வேப்பேரியில் 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு இருக்கின்றது. குன்றத்தூருக்கு இவை எட்டாத் தொலைவில் இல்லை.

நான்காவது சாஸ்திரதானம், அஃதாவது அறிவுக்கொடை. மேற்கூறியவற்றைப் பிள்ளைகளுக்கும், ஆலைக் காவலர்க்கும், விடுதிச் சமையலர்க்கும் சொல்லுதலே அக்கொடை. நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சி, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமாக 1960இல் வடிவம் பெற்றது. அதன்வழி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் கூறுகின்றது.

இத்தனையும் செய்தும் பூனை பிழைக்காமற் போகலாம். துன்பம் மிக்க விலங்கினை மருத்துவர் கையால் வலியின்றி முடித்துவிடச் சட்டம் இடம் தருகின்றது. சமண மரபு அதனை ஏற்பதில்லை. கொல்லாமை என்னும் நோன்பு, இரக்கத்தின் பெயராலும் தளராது. ஆயின் இங்கே ஒன்றை ஆழ எண்ண வேண்டும். கொல்லேன் என்று சொல்லிவிட்டு, வலியோடு அவ்வுயிரைச் சாக்கடை ஓரத்தில் விட்டு வருதல் நோன்பாகாது. அது பொறுப்பினின்று நழுவுதலே. கொல்ல மறுப்பவன் அதனினும் அரிய கடமையைத் தன் தோளில் ஏற்கின்றான். மருத்துவரிடம் வலி தணிக்கும் மருந்து கேட்டுப் பெறுதல், நாவை நனைக்க நீர் வைத்தல், காற்றும் ஓசையும் புகாத இடத்தில் வெதுவெதுப்பான படுக்கை அமைத்தல், இறுதிவரை உடனிருத்தல் ஆகிய யாவும் அக்கடமையுள் அடங்கும்.

உடனிருத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. மனிதரோடு பழகிய நாயின் செவியருகே சீவகன் அமர்ந்தான். மனிதரை அஞ்சும் பூனைக்கோ அருகில் வருதலே துன்பம். ஆகையால் மந்திரம் ஓதுவோர் சில முழம் விலகி, முகம் திருப்பி அமர்ந்து, மெல்லிய குரலில் ஓதுதல் வேண்டும். அவ்வுயிர் வேண்டும் தொலைவை அதற்கு விட்டுக்கொடுத்தலும் அபயதானமே.

அறநிலையங்களுக்கு வாரி வழங்கும் நல்லோர் இத்திருநாளில் ஒன்று செய்யலாம். தெருவுக்கு ஒரு கூண்டு, அதன்மேல் போர்த்த ஒரு துணி, சுவரில் எழுதிய கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், அழைத்தால் எழுந்து வர இரண்டு இளைஞர். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. குன்றத்தூரிலும் ஒரகடத்திலும் ஆலைச்சுவர் ஓரங்களில் ஒளிந்து நோகும் ஐயறிவுயிர்களுக்கு அதுவே திருவறம். அருகன் அருளால் அது கைகூடுக.