பல்வலி அடங்கினால் நோய் போய்விட்டதா?

(மருத்துவ முகாமில் பல் மருத்துவர் ஆற்றிய உரை)

 

சொத்தைப் பல்லால் உயிர் போகுமா என்று கேட்பீர்கள். அரிதாகப் போகும்.

கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர், வாய்க்கு அடித்தளமான தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அதில் சீழ் பிடித்தால் கிருமி தாடைக்கு அடியிலும் கழுத்திலும் எளிதாகப் பரவும். வாயின் அடிப்பகுதி வீங்கி, நாக்கு மேலெழும்பி, மூச்சு அடைபடும். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் இதை விவரித்ததால் 'லுட்விக் ஆஞ்சைனா' என்று பெயர். இதற்கும் நெஞ்சுவலிக்கும் தொடர்பில்லை. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் இந்நோய் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று நேரத்தோடு வந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. துடித்த பல் திடீரென்று அடங்கிவிடும். நரம்பு செத்திருக்கலாம், சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறியிருக்கலாம். வலிதான் போயிருக்கிறது, நோய் போகவில்லை. கிராம்பு எண்ணெயும் கடையில் வாங்கும் வலி மாத்திரையும் செய்வது அவ்வளவுதான்.

கவனியுங்கள்: தாடைக்கு அடியில் இருபுறமும் கல் போன்ற வீக்கம்; காய்ச்சல்; வாய் திறக்க முடியாமை; எச்சில் விழுங்க முடியாமல் வடிதல்; குரல் மாறுதல்; படுத்தால் மூச்சுத் திணறல். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். நோயாளியை உட்கார வைத்தே கொண்டு போங்கள். வீக்கத்தை அழுத்தவோ, குத்தவோ, ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

மருத்துவமனையில் முதலில் மூச்சுப் பாதையைக் காப்பார்கள். தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். அது உயிரைக் காக்கத்தான், பயந்து மறுக்காதீர்கள். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றி, சீழை வெளியேற்றி, காரணமான பல்லை எடுப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும். சர்க்கரை இருப்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

நோன்பு முடியட்டும், கல்யாண வேலை முடியட்டும் என்று வீட்டுப் பெண்கள் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வலி அடங்கிய சொத்தைப் பல் உங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். அவரை இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.