கோழியின் இறகும் சேவலின் தேர்வும்

(ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோழிக்கு இறகு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. குளிரையும் மழையையும் தடுப்பது அதுவே. இறகு குன்றிய கோழி, தின்ற தீனியில் ஒரு பகுதியை உடற்சூட்டைக் காப்பதற்கே செலவிடுகிறது. முட்டைக்கும் சதைக்கும் மிஞ்சுவது குறைகிறது. வத்தல்மலையிலும் சித்தேரி மலையிலும் மார்கழிக் குளிரில் இந்த நஷ்டம், கோழி வளர்க்கும் தாய்மார்களின் கைச்செலவுப் பணத்திலேயே விழும்.

இறகில் காணும் குறையெல்லாம் பிறவிக் குறை ஆகாது. ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்ந்து புதிது முளைப்பது இயற்கை. பெட்டையின் முதுகு மட்டும் வெறுமையானால், பெரும்பாலும் அது சேவல் மிதித்த தடம். பேன் பற்றினாலும், நெருக்கமான கூட்டில் ஒன்றையொன்று கொத்தினாலும் இறகு போகும். இறகின் பெரும்பகுதி புரதம். அதிலும் கந்தகம் கலந்த சத்து மிகுதி. கடலைப் பிண்ணாக்கில் அச்சத்து குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் அதிகம். இவற்றைச் சீர்செய்தபின் நல்ல இறகு முளைக்குமானால் அக்கோழியைக் கழிக்க வேண்டியதில்லை. இதனை ஆராயாமல் நன்றாக முட்டையிடும் பெட்டையைக் குழம்புக்கு அனுப்பிவிடுவோர் நம்மில் பலர்!

இனிப் பிறவிக் குணங்களைப் பார்ப்போம். இறகு வெளிப்புறமாகச் சுருண்ட கோழிகளைக் கண்டிருப்பீர்கள். அக்குணத்தைத் தருவது ஒரு மரபணு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அது குஞ்சுக்கு வந்தால், இறகு அழகாகச் சுருளும். இருவரிடமிருந்தும் இரட்டையாக வந்தால், இறகு மெலிந்து ஒடிந்து, உடல் பல இடங்களில் வெறுமையாகிவிடும். சுருட்டைச் சேவலைச் சுருட்டைப் பெட்டையுடன் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு இத்தகையதாகும். சாதாரணப் பெட்டையுடன் சேர்த்தாலோ பாதி சுருட்டையும் பாதி சாதாரணமுமாகப் பொரிக்கும், அக்கேடு வாராது.

கழுத்து வெறுமையான கிராப்புக் கோழியை நோயுற்றதென்று கருதுவோர் உளர். அது நோயன்று. இறகு குறைவாக இருப்பதால் உடல் வெப்பம் எளிதில் வெளியேறும். அரூர்ப் பக்கத்துக் கோடையில் இது நன்மை. மலையூர்க் குளிரில் குஞ்சுகளுக்குத் தீங்கு. இசத்நகரில் 1979-இல் நிறுவப்பெற்ற மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம், இக்குணத்தைக் கொண்டு ‘ஹிட்காரி’ என்னும் வகையையும், சுருட்டைக் குணத்தைக் கொண்டு ‘உப்காரி’ என்னும் வகையையும் புழக்கடை வளர்ப்புக்கென உருவாக்கியது.

மறைந்து நிற்கும் குறையே பெருந்தொல்லை. தாயும் தந்தையும் பார்வைக்கு நன்றாயிருந்தும், சில குஞ்சுகளுக்கு இறகு சரிவர முளைக்காமற் போவதுண்டு. தீனியும் நோயும் காரணமல்ல என்று தெளிந்தால், பெற்றோர் இருவரிடமும் அக்குறை ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். குறையுள்ள குஞ்சை மட்டும் கழிப்பதால் பயனில்லை. அதனுடன் பிறந்த நல்ல குஞ்சுகளிலும் சராசரியாக மூன்றில் இரண்டு அக்குறையைச் சுமந்து நிற்கும். ஆதலால் அந்தத் தாயின் முட்டையை அடை வைக்காதீர். உண்ணவும் விற்கவும் தடையில்லை. சேவலையோ உடனே மாற்றுக. ஒரு பெட்டையின் குறை அதன் குஞ்சுகளோடு நிற்கும். ஒரு சேவலின் குறை தெரு முழுவதும் பரவும். எந்தக் குஞ்சு எந்தச் சேவலுடையது என்றறியக் காலில் வண்ண வளையமிட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவசியம்.

சேவலை மாற்றிய மறுநாளே முட்டை சேர்த்து அடை வைப்பது பயன் தராது. பழைய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடிருக்கும். மூன்று வாரம் கழித்து எடுத்த முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும்.

புதுச் சேவலை உறவு கலவாத வேற்றூரிலிருந்து, இயன்றால் அதன் தாயையும் உடன்பிறப்புகளையும் பார்த்தே வாங்குங்கள். ஐயமிருப்பின் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசூரில், மத்திகிரியில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் உள்ளது.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். சேவல் மாற்றுவதைத் தெருவாரியாக ஒரே வாரத்தில் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வீட்டார் மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டுச் சேவல் வேலி தாண்டி வரும். கழித்த சேவலைக் கறிக்கே விற்கச் சொல்லுங்கள். வளர்ப்புக்கென்று சந்தையில் விற்றால், அதே குறை பக்கத்து ஊர் வழியாக நம் ஊருக்கே திரும்பிவிடும்.