விமானம் தாமதமானால்...

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் பாஸ்போர்ட் இல்லாத வீடு இன்று அரிது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இலண்டனிலும் அமெரிக்காவிலும் நம் பிள்ளைகள் இருக்கின்றனர். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோருக்கு வழிகாட்டும் வகுப்புகள் நடக்கின்றன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பயணம். பழைய நண்பரைப் பார்த்துவர நெடுந்தூரம் பறந்து செல்லும் பயணம். பிழைப்புக்காகச் செல்வது அவசியம், திருமணத்திற்காகச் செல்வது அவசியம், நண்பரைப் பார்க்கப் போவது மட்டும் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். ஆகவே, விமானம் பன்னிரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தவுடன், ‘இத்தனை சிரமப்பட்டுப் போகத்தான் வேண்டுமா? அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று முதலில் கைவிடப்படுவதும் இப்பயணமே. அறுபதைக் கடந்த இருவருக்கிடையே ‘அடுத்த ஆண்டு’ என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை ஜனாஸா தொழுகை நடத்தும் நாம் நன்கறிவோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி வருகிறது. வேற்றூரில் இருந்த தம் சகோதரரைச் சந்திக்க ஒருவர் புறப்பட்டார். அவருடைய வழியில் அல்லாஹ் ஒரு வானவரை நிறுத்தி வைத்தான். எங்கே செல்கிறீர், அவரிடம் உமக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா என்று வானவர் வினவினார். இல்லை, அல்லாஹ்வுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவே என்றார் அம்மனிதர். அவ்வாறே அல்லாஹ்வும் உம்மை நேசிக்கிறான் என்ற நற்செய்தி அவருக்குக் கிடைத்தது. அந்த நற்செய்தி அவருக்கு எங்கே கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். நண்பரின் வீட்டில் அன்று, வழியில் நிறுத்தப்பட்ட இடத்தில்.

2015 டிசம்பரை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை கடந்தது. மேற்கு மாம்பலத்தின் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையின் ஒரு பகுதி அடையாற்றின் மேல் பாலமாகவே கட்டப்பட்டது. ஆறு பெருகியபோது விமான நிலையமும் நீருக்குள் அகப்பட்டது. 1ஆம் தேதி இரவு மூடப்பட்ட நிலையத்தில் 6ஆம் தேதி முதலே பயணிகள் சேவை மெல்லத் திரும்பியது. இடைப்பட்ட நாட்களில் அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் பேருந்தில் சென்று, போர்ப்பணிக்குரிய ஓடுபாதையிலிருந்து மக்கள் உள்நாட்டு விமானங்களில் ஏறிச் சென்றனர்.

டிசம்பர் என்பது வெளிநாட்டிலிருப்போர் விடுமுறையில் சென்னை வந்து பள்ளித் தோழர்களையும் பழைய தெருக்காரர்களையும் பார்க்கும் மாதம். அவர்கள் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் துபாயிலும் நின்றுபோயினர். இங்கோ மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ‘புறப்பட்டேன்’ என்று சொன்னவர் எங்கே இருக்கிறார் என்று இங்கிருப்பவருக்குத் தெரியாது. இங்கிருப்பவர் மாடியில் இருக்கிறாரா, முகாமில் இருக்கிறாரா என்று வருபவருக்குத் தெரியாது. இவ்வளவுக்குப் பிறகும் பெங்களூரில் இறங்கித் தரைவழியே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. சுற்றிப் பார்க்க வந்தவராயின் திரும்பியிருப்பார். பார்க்க வேண்டிய மனிதர் ஒருவர் இங்கே இருந்ததால்தான் அவர் வந்தார்.

அதன் பின்னும் நிலையம் மூடப்படாமல் இல்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மூடப்பட்ட ஓடுபாதை மறுநாள் காலையே திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் பல மணி நேரம் மூடப்பட்டது. மழை மட்டுமே காரணம் என்பதும் இல்லை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது, அங்கு சென்றுகொண்டிருந்த விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

‘இரண்டு மணி நேரம் என்றார்கள், பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள்’ என்று பலர் குறைபடுகின்றனர். அது எப்பொழுதும் பொய் சொல்லும் எண்ணத்தால் நேர்வதன்று. நாம் ஏறவேண்டிய விமானம் வேறொரு நாட்டிலிருந்து வரவேண்டியிருக்கும். அது தாமதமானால் இதுவும் தாமதமாகும். விமானிகள் தொடர்ந்து பணியாற்ற நேர வரம்பு உண்டு. காத்திருப்பிலேயே அவ்வரம்பு கழிந்துவிட்டால் வேறு விமானிகள் வரவேண்டும். சென்றடையும் ஊரிலும் நிபந்தனை இருக்கலாம். ஃபிராங்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வழக்கமான விமானங்கள் ஏறவும் இறங்கவும் 2011 முதல் தடை உள்ளது. இவற்றுள் எதையும் மேசைக்குப் பின்னால் நிற்கும் அந்த இளம் பெண்ணோ பையனோ செய்யவில்லை. அவர்கள் மீது குரலை உயர்த்துவது நம் தாடிக்கும் தொப்பிக்கும் அழகன்று.

நாம் ஒருமுறை, உடன் ஓதிய மதரஸாத் தோழர் இருவரைக் காண இலண்டன் சென்றோம். இடையில் ஒரு விமான நிலையத்தில் 19 மணி நேரம் நிறுத்தப்பட்டோம். கிடைத்த விடுப்போ பத்து நாள். அங்கே தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தார். ஐம்பது ஆண்டுக்கு முந்திய கல்லூரித் தோழரைப் பார்க்கப் போகிறார். அவருடைய இன்சுலின், விமானத்தின் வயிற்றில் ஏற்றப்பட்ட பெட்டிக்குள் இருந்தது. உணவுச் சீட்டு கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. பயணிகளில் ஒரு மருத்துவர் இருந்ததால் நிலையத்தின் மருந்தகத்தில் வாங்கிக் கொடுக்க முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். அவர் எங்களிடம் கேட்டதெல்லாம், ‘அவனுக்குச் செய்தி சொல்ல முடியுமா? காலையிலிருந்தே வாசலில் நிற்பான்’ என்பதுதான். ஆகவே மூன்று நாள் மருந்தும், மருத்துவர் சீட்டும், சென்றடையும் வீட்டின் தொலைபேசி எண் எழுதிய தாளும் கைப்பையில் இருக்கட்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தால் அதனுள் இருக்கும் எண்ணும் போயிற்று.

பயணச்சீட்டு வாங்கும்போதே ஒன்றைப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து இலண்டன் ஆகிய இரண்டும் ஒரே சீட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினாலும் உங்களைக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைகிறதென்று இரண்டையும் தனித்தனியே வாங்கினால், தவறிய இரண்டாவது சீட்டுக்குப் பெரும்பாலும் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். மிச்சம் பிடித்த நான்காயிரத்துக்காக நாற்பதாயிரம் இழக்க நேரும்.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி 2010 முதல் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கேற்ப உணவு, ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், 24 மணி நேரத்துக்கு மேற்பட்டால் தங்குமிடம் என்று அது கூறுகிறது. புயல், போர் போன்றவற்றில் இக்கடமை தளர்கிறது. ஐரோப்பியச் சட்டமோ அங்கும் விடுவதில்லை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பயணிகள் பாதிக்கப்பட்டபோது, போர்ச்சுக்கலில் ஒரு வாரம் அகப்பட்ட ஒரு பெண்மணி தம் உணவு, தங்குமிடச் செலவைக் கேட்டு ரயன்ஏர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். எரிமலையே ஆயினும் பயணியைப் பராமரிக்கும் கடமை நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றிய நிலையத்திலிருந்து புறப்படும் யாருக்கும், அங்குள்ள நிறுவனத்தின் விமானத்தில் இங்கிருந்து அங்கே செல்வோருக்கும் இச்சட்டம் பொருந்தும். ஏறும் அட்டையையும் சாப்பிட்ட ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள். பெட்டி தாமதமாக வந்தால், கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உரிமையைக் கேட்பது பொறுமைக்கு முரணானதன்று. பணிவாகக் கேட்டு எழுதி வாங்குவதே முறை.

தொழுகை பற்றிப் பலர் கேட்கின்றனர். மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். இடையில் ஊர் எங்கும் முடியவில்லை. ஆகவே அங்கே பத்து மணி நேரம் காத்திருந்தாலும் நாம் இன்னும் ஊருக்குள்தான் இருக்கிறோம் என்பதே நம் கருத்து. ளுஹரும் அஸரும் இஷாவும் நான்கு ரக்அத்துகளே. துபாயிலோ இஸ்தான்புல்லிலோ நிறுத்தப்பட்டால் முஸாபிர் ஆவோம். ‘நாளை விடுவார்கள், நாளை விடுவார்கள்’ என்று நாள் நீண்டால்? ஹனஃபி மத்ஹபில், பதினைந்து நாள் தங்கும் எண்ணம் கொள்ளாதவரை கஸ்ர்தான். ஷாஃபிஈ மத்ஹபில், எந்நாளும் புறப்படலாம் என்று எதிர்பார்த்து நிற்பவருக்குப் பதினெட்டு நாள் வரை அனுமதி உண்டு, இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. நம் பள்ளியில் இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். அவரவர் மத்ஹபைப் பின்பற்றட்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள் அதர்பைஜானில் பனி வழியை அடைத்ததால் ஆறு மாதம் தங்கி, கஸ்ராகவே தொழுததாக அறிவிப்பு உள்ளது. ஆறு மாதத் தாமதம்! நாம் ஆறு மணி நேரத்துக்கு முகம் சுளிக்கிறோம்.

இரவு 2 மணி விமானம் விடியற்காலைக்குத் தள்ளிப்போனால், ஃபஜ்ரு வக்து வந்ததும் நிலையத்திலேயே நின்று தொழுதுவிட்டு ஏறுங்கள். இருக்கையில் அமர்ந்து தொழும் நிலையைத் தவிர்க்க முடியும்போது தவிர்ப்பதே சரி.

இறுதியாக ஒன்று. பயணத்திலிருந்து திரும்புபவர் இரவில் திடீரென்று வீட்டாரிடம் வந்து நிற்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. தம் வீட்டுக்கே இந்த ஒழுங்கு என்றால், நண்பரின் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் இறங்க வேண்டியவர் தாமதத்தால் அதிகாலை 3 மணிக்கு இறங்குகிறார். நண்பரும் எழுபது வயதுக்காரர். அவர் விமான நிலையத்துக்கு வரத்தான் செய்வார், ‘வராதீர்’ என்றாலும் கேட்கமாட்டார். ஆகவே தாமதம் அறிவித்த உடனே அவருக்குச் சொல்லுங்கள். நேரம் மாறும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அவரிடம் சொல்வதோடு அவருடைய மகனிடமோ மருமகளிடமோ சொல்லுங்கள். இறங்கும் நேரம் நள்ளிரவானால் விடியும்வரை நிலையத்தில் அமர்ந்திருந்து, ஃபஜ்ரு தொழுதபின் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.