மௌனமும் செபமே



திருத்தங்கலிலும் சிவகாசியிலும் வாழும் நமக்குச் சத்தம் புதிதல்ல. நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி நம் பகுதிக் கைகளில்தான் பிறக்கிறது. அச்சகம், ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, கைபேசி என்று காலை முதல் இரவு வரை ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது. செபிக்க அமர்ந்தாலும் நாமே பேசி முடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆண்டவர் பேசுவதற்கு இடமே கொடுப்பதில்லை.

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் எலியாவைச் சந்திக்கிறோம். செத்தால் போதும் என்னும் அளவுக்குச் சோர்ந்துபோய் அவர் ஓரேபு மலைக்கு வருகிறார். பெருங்காற்று, நிலநடுக்கம், தீ என ஒவ்வொன்றாக வருகின்றன. எதிலும் ஆண்டவர் இல்லை. தீக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில்தான் எலியா அவரைக் கண்டுகொள்கிறார்.

தீக்குப் பின் வரும் அமைதியை நாமும் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறோம்! என்ன சொல்வதென்று தெரியாமல், கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் அப்படித்தான் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவரைப் புண்படுத்தினார்கள். சொல் தீர்ந்த இடத்திலும் ஆண்டவரைவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதே மௌன செபம்.

ஆனால் அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருப்பது இந்த மௌனம் அல்ல. மெல்லிய ஒலியைக் கேட்ட எலியாவை ஆண்டவர் குகையிலேயே விட்டுவைக்கவில்லை. வேலை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

நம் தமிழ்நாட்டிலேயே, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. இப்படிப்பட்ட செப வாழ்வுக்காகவே மோன்சனின் அடிகளாரும் அபிஷிக்தானந்தரும் 1950ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டுத் திண்ணையே போதும். கப்பர்நாகுமில் ஊரே வாசலில் கூடி நின்ற மாலைக்கு அடுத்த விடியலில், இருட்டோடு எழுந்து தனிமையான இடம் தேடிப் போனவர் நம் இயேசு. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது நமக்குத் தெரியும். தீக்கு அஞ்சி அதை வெளியே வைக்கிறோம். ஆண்டவருக்காகப் பத்து நிமிடம் வைக்க மாட்டோமா?

விடியலில் அமர்வோம். மூச்சோடு சேர்த்து 'இயேசுவே' என்று மனத்துக்குள் அழைப்போம். வட்டிக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் நினைவுக்கு வரும். வரட்டும். அவற்றோடு சண்டை போடாமல் மறுபடியும் அந்தப் பெயருக்கே திரும்புவோம். ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும் நாளிலும் அவர் நம்மோடு அமர்ந்திருக்கிறார்.

இந்த நிகழ்ச்சி முடிந்ததும் வானொலியை நிறுத்திவிடுவோம். விபத்தில் உறவை இழந்த ஒரு குடும்பத்தை மனத்தில் ஏந்தி, ஒரு நிமிடம் அவர் முன் பேசாமல் இருப்போம். ஆமென்.