மனிதனிடமிருந்து மாட்டுக்கு

மாட்டிடமிருந்து மனிதனுக்கு நோய் வருவதைப் பலரும் அறிவர். மனிதனே மாட்டுக்கு அளிக்கும் நோயும் ஒன்று உண்டு. மாட்டு நாடாப்புழுவால் வருவது அது.

இப்புழு முதிர்ந்து வாழ்வது மனிதனின் சிறுகுடலில் மட்டுமே. 4 முதல் 12 மீட்டர் வரை நீளும். முதிர்ந்த துண்டங்கள் ஒவ்வொன்றும் பல்லாயிரம் முட்டைகளைச் சுமந்து மலத்துடன் வெளியேறும். திறந்த வெளியில் மலம் கழித்தால், அம்முட்டைகள் புல்லிலும் நீரிலும் கலந்து மாட்டின் வயிற்றை அடையும். அங்கே வெளிப்படும் கரு குடற்சுவரைத் துளைத்துக் குருதி வழியே சென்று, தசையில் சிறு கொப்புளமாகத் தங்கும். அவ்விறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்டவர் குடலில், இரண்டு மூன்று திங்களில் அது முழுப் புழுவாகிவிடும். பச்சை இறைச்சியை விரும்பி உண்ணும் எத்தியோப்பிய நாட்டில் இந்நோய் மிகுதி. பாலால் இது பரவுவதில்லை.

1861-இல் ஜெர்மானிய அறிஞர் லியூக்கார்ட், புழுத்துண்டங்களைக் கன்றுக்கு ஊட்டி, அதன் தசையில் கொப்புளங்களைக் கண்டு இவ்வுண்மையை நிலைநாட்டினார்.

ஆகவே இச்சங்கிலியை அறுக்கும் இடங்கள் மூன்று: கழிப்பறை, இறைச்சிக் கூடத்துச் சோதனை, அடுப்பு. இறைச்சி உட்புறம் வரை நன்கு வேக வேண்டும். மலத்தில் வெண்ணிறத் துண்டங்களைக் கண்டவர் நாணி மறைக்கலாகாது. மருத்துவர் தரும் பிரசிகுவான்டல் போன்ற மருந்தால் எளிதில் குணமாகும். மறைப்பவரோ, தம் வயிற்றோடு அண்டை வீட்டுக் கொட்டிலையும் நோய்க்கு ஆளாக்குகிறார். மாடு தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. அதன் மேய்ச்சல் நிலத்தைத் தூய்மையாகக் காப்பது, பேசத் தெரிந்த நம் கடன்.