கோர்வை



காஞ்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. முன்னது கல்லால் ஆனது. பின்னது இழையால் ஆனது. கல் ஆயிரம் ஆண்டைக் கடந்தும் நிற்கிறது. இழையோ இரண்டு தலைமுறைக்குள் நைந்துவிடுகிறது. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே கண்கொண்டு பார்க்க இயலும். ஓவியம், சிற்பம், கட்டடம், நெசவு ஆகிய கண்ணுக்குரிய கலைகள் அனைத்துக்கும் பொதுவான அமைப்பு நெறி ஒன்று உண்டு. அந்த நெறியைக் காஞ்சியின் தறியிலிருந்தும் கோயிலிலிருந்தும் கற்றுக்கொள்ள முயல்வோம்.

அமைப்பு என்பது யாது? நல்ல நிறங்களையும் நல்ல உருவங்களையும் ஓரிடத்தில் குவித்துவிட்டால் நல்ல ஓவியம் ஆகிவிடுமா? ஆகாது. உறுப்புகள் அழகாயிருப்பது வேறு. அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவு அழகாயிருப்பது வேறு. இதனை நீங்கள் இலக்கண வகுப்பிலேயே கற்றிருக்கிறீர்கள். செய்யுளில் மோனை, எதுகை, முரண், இயைபு என்று வருவனவற்றைத் தொடை என்கிறோம். தொடை என்றால் தொடுப்பது. ஒத்த ஒலிகளைத் தொடுத்தால் எதுகையும் மோனையும். மாறுபட்ட பொருள்களைத் தொடுத்தால் முரண். செவிக்கு இவை எவ்வளவு இன்றியமையாதனவோ, கண்ணுக்கும் அவ்வளவு இன்றியமையாதன. ஒத்த வடிவம் திரும்பத் திரும்ப வருதல், மாறுபட்ட வடிவங்கள் எதிரெதிரே நிற்றல், பெரியதும் சிறியதும் எடை ஒத்து நிற்றல், நிறைந்த இடத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருத்தல் ஆகியனவே ஓவியனின் தொடை வகைகள்.

இனி ஒரு பட்டுச் சேலையை விரித்துப் பார்ப்போம். அதற்கு மூன்று உறுப்புகள்: உடல், கரை, முந்தி. அரக்கு நிற உடல், பச்சைக் கரை, சரிகை நிறைந்த முந்தி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணைக் கவர்வது முந்தி. ஆனால் அந்த முந்திக்கு அவ்வளவு ஒளி எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னே பல முழம் அமைதியாக ஓடிவரும் உடலிலிருந்து வந்தது. உடல் முழுவதும் சரிகை வேலைப்பாடு நிரம்பியிருந்தால், முந்தி கூட்டத்தில் ஒன்றாகிவிடும். வெற்றிடம் என்பது வேலை செய்யாமல் விட்ட இடம் அன்று. அதுவும் ஓர் உறுப்பு. இஃது அமைப்பு நெறியின் முதற்பாடம்.

உடலில் புட்டாக்கள் இருப்பின் அவற்றின் வரிசையைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு வரிசைக்கு நேர் கீழே அடுத்த வரிசை வருவதில்லை. சுவரில் செங்கல் அடுக்குவது போல, மேல் வரிசையின் இடைவெளிக்குக் கீழே அடுத்த புட்டா வருகிறது. நேர் கீழாக வைத்தால் கண் ஒரே கோட்டில் ஓடி வெளியே போய்விடும். விலக்கி வைப்பதால் கண் குறுக்கும் நெடுக்கும் உலாவுகிறது. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஓவியம் சுவரில் அசையாமல் தொங்குவது. சேலையோ மடிக்கப்படுவது, கொசுவப்படுவது, நடக்கும்போது அசைவது. எந்தப் பகுதி மறையும், எது தெரியும் என்பது நெய்பவருக்குத் தெரியாது. ஆகவேதான் உருத்திராட்சமும் மல்லிமொக்கும் மயில்கண்ணும் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கே மடித்தாலும் அமைப்புக் குலைவதில்லை.

அந்த வடிவங்கள் பிறக்கும் இடம் கட்டம் போட்ட தாள். வரைபவர் அன்னத்தின் கழுத்தை வளைவாக நினைக்கிறார். ஆனால் தாளில் அதனைச் சதுரம் சதுரமாகவே நிரப்ப வேண்டும். ஏனெனில் பாவும் ஊடையும் செங்குத்தாக வெட்டிக்கொள்பவை. தறிக்கு வளைவு தெரியாது. பிரான்சு நாட்டில் 1804ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய துளையட்டைப் பொறி இந்தச் சதுரங்களைத் துளைகளாக மாற்றித் தறிக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்று காஞ்சியில் பலர் கணினித் திரையில் இவற்றை வரைகின்றனர். அத்திரையும் சிறு சிறு சதுரப் புள்ளிகளால் ஆனதுதான். பொருளின் எல்லையை அறிந்து, அந்த எல்லைக்குள்ளேயே அழகைத் தேடுவது அமைப்பின் இரண்டாம் பாடம்.

இப்போது தறியை விட்டுக் கோயிலுக்குச் செல்வோம். காஞ்சி நகரின் மேற்கு ஓரத்தில் கைலாசநாதர் கோயில் உள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. உள்ளே நுழைந்ததும் திருச்சுற்றின் நான்கு புறமும் சுவரை ஒட்டிச் சிறு சிறு கோயில்களைக் காண்பீர்கள், அவை 58. அவற்றின் இடையிடையே பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகள், தாளத்தில் அடி விழுவது போல, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நடுவில் பெரிய விமானம். அந்த விமானத்தை உற்று நோக்குங்கள். சதுரக் கூடும் நீண்ட சாலையும் ஆகிய சிறு கோயில் வடிவங்களே அடுக்கடுக்காக ஏறி ஒரு பெரிய கோயிலாகியிருக்கின்றன. சுற்றிலும் நிற்கும் சிறுமையும் நடுவில் நிற்கும் பெருமையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் அளவில் அத்துணை வேறுபாடு இருந்தும் அவை பகைக்கவில்லை.

இக்கோயிலின் சிறு அறைகளில் சுதை பூசி எழுதிய பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களை 1931ஆம் ஆண்டில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று சோமாஸ்கந்தர் ஓவியம். சிவபெருமான் ஒரு புறம். உமையம்மை மறு புறம். இருவருக்கும் இடையில் குழந்தை முருகன். நிறம் பெரும்பாலும் உதிர்ந்து, கோடுகளும் துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளன. இருந்தும் அமைப்பு அழியவில்லை. மூன்று உருவங்களில் மிகச் சிறியது குழந்தை. ஆனால் அதனை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தனித்தனி உருவங்களாகப் பிரிந்துவிடும். பிணைக்கும் உறுப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் போதும்.

இந்தப் பிணைப்பைத்தான் காஞ்சி நெசவாளர் கோர்வை என்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். குழித்தறியில் அமர்ந்திருந்த முதியவரிடம், “ஐயா, இந்தச் சேலையில் மிகவும் கடினமான இடம் எது?” என்று கேட்டேன். முந்தியைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சேலையின் ஓரத்தைத் திருப்பி, உள்புறத்தைக் காட்டினார். கரையும் உடலும் சந்திக்கும் கோட்டில் இழைகள் ஒன்றையொன்று கைகோத்தாற்போல் பற்றியிருந்தன. “இது விட்டுப்போனால் எல்லாம் போச்சுங்க” என்றார்.

அதன் பொருளைப் பிறகு உணர்ந்தேன். எளிய முறையில் நெய்தால் உடலின் ஊடை இழையே கரைக்குள்ளும் ஓடும். அப்போது பச்சைக் கரையில் அரக்கு கலந்து நிறம் மங்கும். கோர்வையில் அப்படி இல்லை. இரு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் இழை தன் எல்லையில் நின்று, கரையின் இழையைப் பற்றிக்கொண்டு திரும்புகிறது. கரையில் பாவும் பச்சை, ஊடையும் பச்சை. உடலில் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. இரண்டும் கலக்கவில்லை, இரண்டும் பிரியவுமில்லை. முரண்தொடைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

இதனை ஒருவர் தனியே நெய்வது அரிது. தறியின் வலப்பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து அந்தப் பக்கத்துக் கரையின் நாடாவைச் செலுத்த வேண்டும். நண்பர்களே, நெடுங்காலம் அந்த இடத்தில் அமர்ந்தவர் பலர் உங்களைவிட இளையவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டுவிட்டுத் தறிக்கு வந்த சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். அழகிய அந்தக் கோட்டுக்குள் அவர்களுடைய பள்ளி நாட்களும் நெய்யப்பட்டிருந்தன. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டமும், 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி தரும் 2009ஆம் ஆண்டுச் சட்டமும், இடைவிடாத பொதுத் தொண்டும் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. அது நேர வேண்டிய மாற்றம். அதற்காக எந்தக் கலையும் வருந்த உரிமையில்லை.

ஆனால் அதன் பின்னே ஒரு கேள்வி நிற்கிறது. அந்த இருக்கையில் இனி அமர வேண்டியவர் முழுக் கூலி பெறும் ஒரு வளர்ந்த மனிதர். ஆகவே கோர்வைச் சேலையின் விலை கூடும். கோர்வை இல்லாத சேலை கடையில் அதற்குப் பக்கத்திலேயே குறைந்த விலையில் பளபளக்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அஃது ஊரின் பெயரைக் காக்கும். கோட்டின் இருபுறமும் நிறம் ஏன் இவ்வளவு தூயதாக இருக்கிறது என்று கேட்கும் கண்ணை எந்தச் சட்டமும் தர இயலாது. வாங்குபவரின் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத நாளில், அந்த வேறுபாட்டை நெய்பவர் எதற்காக உழைக்க வேண்டும்?

ஆகவே பார்க்கக் கற்றுக்கொள்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒருவருடைய உழைப்புக்கு உரிய விலையைக் கொடுக்கக் கற்றுக்கொள்வதும் ஆகும். உங்கள் வீட்டில் தாயாரோ பாட்டியாரோ பெட்டியில் வைத்திருக்கும் பழைய பட்டுச் சேலை ஒன்று இருக்கக்கூடும். அனுமதி பெற்று அதனை விரியுங்கள். முதலில் தள்ளி நின்று, எது உங்கள் கண்ணை அழைக்கிறது, எது ஒதுங்கி நின்று அதற்கு இடம் தருகிறது என்று பாருங்கள். பிறகு அருகே சென்று ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். கரையும் உடலும் கைகோத்த தடம் தென்பட்டால், அந்தக் கோட்டின் இரு முனையிலும் இருவர் அமர்ந்திருந்தனர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளை நீங்கள் ஒரு படம் வரையலாம். ஒரு சுவரொட்டி அமைக்கலாம். ஒரு வீடு கட்டலாம். அப்போது உறுப்புகளை அழகு செய்வதில் பாதி நேரத்தைச் செலவிடுங்கள். மறுபாதியை அவை சந்திக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சி நமக்குக் கற்றுத்தரும் அமைப்பு நெறி இதுவே.